சங்கு ஊதாத ஆலை

வீட்டிலிருந்தே வேலை செய்வது என்ற பேச்சு எழுந்தால் நம் அணியினரில் பலர் புன்முறுவலோடு ஒதுங்கிக்கொள்கிறார்கள். அது குளிரூட்டிய அறைக்காரர்களின் கவலை, கணினிக்காரர்களின் சொகுசு. கரும்பு வெட்டுகிறவனுக்கும் சுரங்கத்தில் இறங்குகிறவனுக்கும் அதிலே என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். கேள்வியிலே நியாயம் இல்லாமலில்லை. ஆனால் கேள்வியோடு நின்றுவிடுவது, நம் வீட்டுத் திண்ணையிலேயே வந்து உட்கார்ந்துவிட்ட ஒரு மாற்றத்தைக் கண்டும் காணாதவர் போல் நடந்துகொள்வதாகும். உழைப்பு எங்கே நடக்கிறது, எத்தனை மணி நேரம் நடக்கிறது, அதைத் தீர்மானிப்பவர் யார் என்பவை நம் இயக்கம் பிறந்த நாள் தொட்டு நாம் கேட்டுவரும் கேள்விகள் அல்லவா? 1923-ஆம் ஆண்டு மே முதல் நாளன்று சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் செங்கொடி ஏற்றியபோது எழுந்த வினாவும் அதுவே: உழைப்பவனுடைய நாள் யாருக்குச் சொந்தம்?

மேல்பட்டாம்பாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடலூரிலிருந்து பண்ருட்டி போகும் சாலையில் நெல்லிக்குப்பத்தை அடுத்து இருக்கும் சிற்றூர். ஒருபுறம் நாட்டின் மிகப் பழைய சர்க்கரை ஆலைகளுள் ஒன்று. மறுபுறம் பலாவும் முந்திரியும் விளையும் பண்ருட்டிச் செம்மண். பண்ருட்டியைத் தாண்டிப் போனால் நெய்வேலி. 1956-இல் நிறுவனம் அமைந்து, 1957-இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்து, 1961-இல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்து, 1962-இல் மின்சாரம் பிறந்த இடம். இப்பகுதியில் கரும்பு வெட்டும் கைகள் உண்டு. முந்திரிக்கொட்டை உடைத்துக் கருகிய விரல்கள் உண்டு. சுரங்கத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் ஒப்பந்தக்காரரின் பேரேட்டில் பெயர் எழுதி அனுப்பப்படுகிறவர்கள் உண்டு. இவர்களுடைய பிள்ளைகள்தாம் பொறியியல் படித்துவிட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் பேருந்து ஏறினார்கள். ஆகவே, கணினிக்காரன் வேறு, நம்மவன் வேறு என்று கோடு கிழிப்பதற்கு முன்னால், அந்தக் கோடு பல வீடுகளில் அப்பனுக்கும் மகளுக்கும் நடுவே விழுகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

2020 மார்ச்சு 25-ஆம் நாள் நாடு பூட்டப்பட்டது. நகரத்துக்குப் போன பிள்ளைகள் ஒரு கணினிப் பையோடு ஊர் திரும்பினார்கள். அலுவலகம் போகாமல் வேலை நடக்கவே நடக்காது என்று அதுவரை அடித்துப் பேசிய நிர்வாகங்கள், இரண்டே வாரங்களில் வேலையை வீட்டுக்கு அனுப்பிவைத்தன. நடந்தது. வேலை நின்றுவிடவில்லை, நிறுவனங்களும் மூழ்கிவிடவில்லை. அதுவரை, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து வேலை செய்கிறேன் என்று ஒரு தாய் கேட்டாலும், சக்கர நாற்காலியில் இருக்கும் ஓர் இளைஞன் கேட்டாலும், முடியாது என்று கிடைத்த பதிலுக்கு வேலையின் இயல்பு காரணமன்று, மேலாளரின் மனம்தான் காரணம் என்பது ஊரறிய வெளியாகிவிட்டது. இந்த ஒரு வெளிச்சத்துக்காகவே அந்த இருண்ட நாட்களை நாம் மறக்கலாகாது.

நன்மை உண்டா என்றால், உண்டு. உறுதியாக உண்டு. பெருங்குடியில் நான்கு பேர் ஓரறையில் படுத்து, சம்பளத்தில் பெரும்பங்கை வாடகைக்கும் உணவு விடுதிக்கும் கொடுத்துவிட்டு, போக ஒரு மணி வர ஒரு மணி என்று நெரிசலில் நாளைத் தொலைத்த பிள்ளைக்கு, அந்த இரண்டு மணி நேரம் திரும்பக் கிடைப்பது சிறிய செய்தியா? தாய் தந்தையரின் மருந்துக்கு ஓடலாம். ஊர் நூலகத்தில் உட்காரலாம். கிளைக் கூட்டத்துக்கு வரலாம். நகரத்து வீட்டுக்காரரிடம் போய்ச் சேர்ந்த பணம் நம்மூர்ப் பால்காரரிடமும் காய்கறிக் கடையிலும் புழங்கும். படித்தவனெல்லாம் ஊரைவிட்டு ஓடுவதால் வற்றிக்கிடக்கும் சிற்றூர்களுக்கு இது ஒரு கால்வாய் நீர்.

ஆனால் நன்மையைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் சொல்வதையும் சற்று ஊன்றிக் கேட்போம். சீனத்திலே சிட்ரிப் என்னும் பயண நிறுவனம், தன் சாங்காய் அழைப்பு நிலையத்தில் 2010-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு சோதனை நடத்தியது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நிக்கலஸ் புளூம் முதலானோர் அதை ஆராய்ந்தார்கள். விருப்பம் தெரிவித்தவர்களில் இரட்டைப்படைத் தேதியில் பிறந்தவர்கள் வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தார்கள். ஒற்றைப்படைத் தேதிக்காரர்கள் அலுவலகத்திலேயே இருந்தார்கள். ஒன்பது மாதம் நடந்தது. முடிவு, வீட்டிலிருந்தவர்களின் வேலைத்திறன் நூற்றுக்கு 13 பங்கு உயர்ந்தது. வேலையை விட்டுப் போவோர் தொகை ஏறக்குறையப் பாதியாயிற்று. உலகமெங்கும் இந்த 13-ஐ மேற்கோள் காட்டாத நிர்வாகப் பேராசிரியர் இல்லை. அந்த 13 எப்படி வந்தது என்பதைத்தான் அவர்களில் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அதில் 4 பங்குதான் ஒரு நிமிடத்துக்குக் கூடுதல் அழைப்புகளை முடித்ததால் வந்தது. எஞ்சிய 9 பங்கு, ஒரு முறைப்பணியில் வேலை செய்த நிமிடங்களே கூடியதால் வந்தது. அஃதாவது, இடைவேளை குறைந்தது, உடல்நலமில்லை என்று எடுக்கும் விடுப்பு குறைந்தது.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! தேநீருக்கு எழுந்து போகாத நிமிடம், காய்ச்சலோடு உட்கார்ந்த நிமிடம், இவை சேர்ந்துதான் பேரளவு 'திறன்' ஆயின. அலுவலக இடத்துக்கான செலவிலும் நிறுவனத்துக்கு மிச்சம். வீட்டிலிருந்தவர்களுக்கு மனநிறைவு இருந்தது என்று அதே ஆய்வு சொல்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் சோதனை முடிந்து, இனி உங்கள் விருப்பம் என்று விட்டபோது, வீட்டிலிருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் அலுவலகத்துக்கே திரும்பினார்கள். தனிமை அவர்களை வாட்டியது. கண்ணில் படாததால் பதவி உயர்விலும் பின்தங்கினார்கள். அதே நிறுவனம் பின்னர் 1,612 ஊழியர்களிடையே வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வீடு என்னும் ஏற்பாட்டைச் சோதித்தது. 2024-இல் வெளியான அந்த முடிவு, வேலை குன்றவில்லை, பதவி உயர்வும் குன்றவில்லை, வேலையைத் துறப்போர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தனர் என்று காட்டியது. கொஞ்சம் வீடு, கொஞ்சம் அலுவலகம் என்ற கலப்பு உழைப்பாளிக்கு ஒத்துவருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இப்படியெல்லாம் நன்மை தெரிந்தபின் நம் நாட்டு முதலாளிகள் என்ன செய்தார்கள்? தொற்று ஓய்ந்தது, பழைய மணியடிப்பு மீண்டது. டாட்டா கன்சல்டன்சி நிறுவனம் 2023 அக்டோபர் முதல் வாரத்துக்கு ஐந்து நாளும் அலுவலகம் வரவேண்டும் என்றது. அதே மாதத்தில் இன்ஃபோசிசு நிறுவனர் நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று அறிவுரை வழங்கினார். 2025 சனவரியில் எல் அண்டு டி தலைவரின் 90 மணி நேரப் பேச்சு வெளிவந்தது. ஞாயிற்றுக்கிழமையும் உங்களிடம் வேலை வாங்க முடியவில்லையே என்ற வருத்தமும் அவருக்கு இருந்ததாம். இந்தக் கட்டுரையை நீங்கள் படித்துக்கொண்டிருப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர் வருந்துவதில் பொருள் இருக்கிறது!

'நெகிழ்வான வேலைநேரம்' என்ற இனிக்கும் சொல்லை நாம் எந்தத் தராசில் நிறுப்பது என்பதற்கு நம் மாநிலத்திலேயே பாடம் இருக்கிறது. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைச் சட்டத் திருத்த முன்வடிவு நிறைவேற்றப்பட்டது. அது கேட்டது என்ன? 1948-ஆம் ஆண்டுச் சட்டம், நாளொன்றுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி, அதற்கு மேல் போனால் இருமடங்குக் கூலி, இடையே ஓய்வு என்று வேலி கட்டியிருந்தது. அந்த வேலியிலிருந்து எந்தத் தொழிற்சாலைக்கும் விலக்களிக்கும் அதிகாரத்தை 65-அ என்ற புதிய பிரிவு அரசுக்குக் கொடுத்தது. 12 மணி நேர நாளுக்குக் கதவு திறந்தது. அதற்கு வைத்த பெயர் நெகிழ்வு! நான்கு நாள் உழைத்தால் மூன்று நாள் ஓய்வு என்று தேன் தடவினார்கள். பன்னிரண்டு மணி நேரம் பொறிமுன் நின்றவனுக்கு, போக வர இரண்டு மணியையும் சேர்த்தால், அந்த நான்கு நாட்களில் பிள்ளையின் முகம் பார்க்க என்ன மிச்சம் என்று எவரும் சொல்லவில்லை.

கொண்டுவந்தது நாம் தேர்தலில் தோள்கொடுத்த தி.மு.க.வின் அரசு. அதற்காக நாம் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. அவையிலே இடதுசாரிகள் எதிர்த்தனர். மற்றத் தோழமைக் கட்சிகளும் எதிர்த்தன. தொழிற்சங்கங்கள் கொடி வேற்றுமை பாராமல் திரண்டன. மூன்றே நாளில், 24-ஆம் தேதி, முன்வடிவு நிறுத்திவைக்கப்பட்டது. மே முதல் நாள் அன்று முதலமைச்சர் ஸ்டாலின் அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவித்தார். எதிர்ப்பைக் கேட்டுப் பின்வாங்கியதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆயினும், ஒரு சொல்லின் தோலை உரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்த பத்து நாட்கள் அவை. தொழிலாளி தன் தேவைக்கு நேரத்தை வளைத்துக்கொண்டால் அது நெகிழ்வு. முதலாளி தன் தேவைக்குத் தொழிலாளியை வளைத்தால் அதற்கு வேறு பெயர் உண்டு.

வீட்டில் வேலை என்பது தமிழனுக்குப் புதுமையும் அன்று. காஞ்சியிலும் ஆரணியிலும் வீட்டுக் கூடத்திலே தறிக்குழி வெட்டி, குடும்பமே பாவு போட்டு, நூல் சுற்றி நெய்ததே, அது என்ன? நெல்லை, தென்காசி மாவட்டங்களில் பெண்கள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார்களே, அது என்ன? இலையும் தூளும் நூலும் ஏஜெண்டு கொடுப்பார்; எண்ணிக் கொடுத்தால் எண்ணிக் கூலி. ஓய்வு நாள் இல்லை, வேலைநேரம் இல்லை, விளக்கெண்ணெய்ச் செலவு அவளுடையது, இருமல் அவளுடையது, பக்கத்தில் உட்கார்ந்து இலை வெட்டும் சிறுமியின் படிப்பும் அவளுடைய நட்டம். நீ எங்கள் தொழிலாளியே அல்லை, வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்கிறவள் என்றே நிறுவனங்கள் சொல்லிவந்தன. ஓயாமல் போராடிய பின்னர்தான் 1966-ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டில் சுற்றுகிறவளும் தொழிலாளியே என்று எழுதியது.

இன்று அதே தென்காசிச் சீமையில், மத்தளம்பாறையில், ஜோஹோ என்னும் மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் நடக்கிறது. 2011 முதல் அங்கே அந்நிறுவனம் காலூன்றியிருக்கிறது. ஒரே வானத்தின் கீழ் ஒரு வீட்டில் பீடி முறம், பக்கத்து வீட்டில் கணினி. சிற்றூரிலே உயர்ந்த தொழில் நடக்கும் என்பதற்கு இது நல்ல சான்று, அதை வரவேற்போம். நம் பக்கத்திலேயே விழுப்புரம் மாவட்டம் திருச்சிற்றம்பலத்தில் 2024 பிப்ரவரியில் சிறிய டைடல் பூங்கா திறக்கப்பட்டது. இத்தகைய கூடங்கள் பெருகப் பெருக, முழுவதும் வீடும் அல்லாத, முழுவதும் மாநகரமும் அல்லாத ஓர் இடைவழி பிறக்கும். இரண்டே அறையுள்ள வீட்டில், அடுப்புப் புகையும் தொலைக்காட்சிச் சத்தமும் சூழ, கதவில்லாத மூலையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஏழைவீட்டுப் பட்டதாரிக்கு அதுவே பெரும் உதவி. வீட்டிலிருந்து வேலை என்று எழுதுகிறவர்கள் எல்லோரிடமும் தனியறை இருப்பதாகவே எண்ணிக்கொள்கிறார்கள். காலனி வீட்டையும் தொகுப்பு வீட்டையும் அவர்கள் உள்ளே நுழைந்து பார்த்ததில்லை போலும்.

பெண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2017-இல் திருத்தப்பட்ட பேறுகால நலச் சட்டம் விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது; 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது; விடுப்பு முடிந்த பிறகு, வேலையின் தன்மை இடம் கொடுத்தால், வீட்டிலிருந்து பணி செய்ய அனுமதிக்கலாம் என்றும் சொன்னது. 'அனுமதிக்கலாம்' என்ற அந்தக் 'கலாம்' முதலாளியின் கையில் இருக்கிறது. கேட்டுப் பெறும் உரிமையாக அதை மாற்ற வேண்டும். இன்னொன்று, வீட்டிலிருக்கும் மருமகள் வேலையில்தான் இருக்கிறாள் என்பதை மாமியாருக்கும் மாமனாருக்கும் ஏன், நம் தோழராகிய அவள் கணவனுக்கும் யார் சொல்வது? மேடையிலே பெண்ணுரிமை பேசிவிட்டு, கணினிமுன் இருப்பவளிடம் காப்பி கேட்கும் தோழர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கவும்.

இனி நெய்வேலிக்கு வருவோம். சக்கர வாளி எந்திரத்தை யாரும் வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. கொதிகலனைத் திண்ணையிலிருந்து இயக்க முடியாது. நாடு முழுவதும் வீட்டில் அடைந்து, கணினியில் கூட்டம் போட்டுக்கொண்டிருந்த 2020-ஆம் ஆண்டில், அந்தக் கணினிகள் ஓட மின்சாரம் அனுப்பிக்கொண்டிருந்த இரண்டாம் அனல்மின் நிலையத்தில் மே 7 அன்று கொதிகலன் வெடித்தது. இரண்டு மாதம் முடிவதற்குள், சூலை 1 அன்று மீண்டும் வெடித்தது. ஆறுபேர் அங்கேயே மாண்டார்கள்; தீக்காயத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்களில் மேலும் பலர் திரும்பவில்லை. மாண்டவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் இருந்தனர். வீட்டிலிருந்து வேலை செய்யும் வசதியைப் பற்றி எழுதும் எந்தப் பேனாவும் இந்தக் கணக்கைத் தாண்டிப் போகலாகாது.

எனவே நெகிழ்வு என்பது கணினிக்காரனுக்கு மட்டும் உரிய சலுகையாக நிற்குமானால், அது உழைப்பாளரை இரண்டாகப் பிளக்கும் ஆப்பாகிவிடும். முறைப்பணிக்காரனுக்கும் நெகிழ்வு உண்டு; அதன் உருவம்தான் வேறு. அடுத்த வார முறைப்பட்டியலை முன்கூட்டியே ஒட்டுவது. பிள்ளையின் தேர்வு நாளில் தோழனோடு முறை மாற்றிக்கொள்ள ஒரு கையெழுத்துப் போதும் என்பது. இரவுப்பணி முடிந்தவனை மறுநாள் காலையே கூப்பிடாதிருப்பது. இவை நிரந்தரத் தொழிலாளிக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் ஒன்றுபோல் கிடைப்பது. துணிக்கடையிலே பத்து மணி நேரம் நின்றே இருந்த பெண்ணுக்கு உட்கார ஓர் இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டம் செய்ததே, அதுவும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். ஒரு முக்காலிதானே என்று சிரிப்பவர், ஒருநாள் நின்று பார்க்கட்டும்.

சட்டத்தின் நிலை என்ன? ஒன்றிய அரசின் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. அவற்றின் வழியே 2020-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட சேவைத்துறை மாதிரி நிலையாணை வரைவில் வீட்டிலிருந்து பணி என்ற சொல் இடம்பெற்றது. அங்கேயும் முதலாளி 'அனுமதிக்கலாம்' என்பதோடு சரி. மின்கட்டணம் யார் தருவது, இணையக் கட்டணம் யார் தருவது, இரவு பத்து மணிக்கு வரும் அழைப்பை எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பனவற்றுக்கு விடையில்லை. போர்ச்சுகல் 2021-இல் சட்டம் இயற்றி, வீட்டில் ஆகும் கூடுதல் செலவை முதலாளியே தரவேண்டும், ஓய்வு நேரத்தில் தொழிலாளியைத் தொடர்புகொள்ளக் கூடாது என்றது. பிரான்சில் 2017 முதலே, 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் தொடர்பறுக்கும் உரிமை குறித்துத் தொழிலாளரோடு பேசியாக வேண்டும். வீட்டு வேலையாளரை மற்றத் தொழிலாளருக்குச் சமமாக நடத்தக் கோரும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 177-ஆம் உடன்படிக்கை 1996-இல் உருவாயிற்று. இந்தியா அதில் ஒப்பமிடவில்லை. பீடி சுற்றும் பெண்ணுக்கும் கணினியில் தட்டும் பெண்ணுக்கும் ஒரே கோரிக்கையாக நிற்கக்கூடியது அது. அதை நம் சங்கங்கள் இன்னும் உரக்கக் கேட்டிருக்க வேண்டும்.

நம்முன் இருக்கும் சங்கடம் ஒன்று உண்டு. ஆலையிலே சங்கு ஊதும். வாயிலில் ஆயிரம் பேர் ஒன்றாக வெளிவருவார்கள். அங்கே நின்று துண்டறிக்கை கொடுத்தோம், உண்டியல் குலுக்கினோம், வாயிற்கூட்டம் போட்டோம், சங்கம் கட்டினோம். சங்கு ஊதாத ஆலையில் வாயில் எங்கே? ஒருவன் மேல்பட்டாம்பாக்கத்தில், ஒருத்தி ஆரணியில், ஒருவன் ஒசூரில். ஒரே மேலாளரின் கீழ் இருக்கும் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் சிறு பெட்டிக்குள்தான் பார்க்கிறார்கள். ஆட்குறைப்பு வந்தால் தனித்தனியே ஒரு மின்னஞ்சல்; தனித்தனியே அழுகை. முதலாளிக்கு இதைவிட வசதி வேறென்ன? வாடகை மிச்சத்தைவிடப் பெரிய மிச்சம் இதுதான்.

முடியாத வேலையன்று. தகவல் தொழில்நுட்ப ஊழியர் சங்கம் வைக்கலாம் என்று 2016-இலேயே தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்திவிட்டது. கருநாடகத்தில் அத்துறை ஊழியர் சங்கம் பதிவாகி இயங்குகிறது. 2024 சூலையில் 14 மணி நேர வேலைநாள் என்ற யோசனை அங்கே எழுந்தபோது முதலில் எதிர்த்து நின்றது அதுவே.

ஆகவே கிளைத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கிளைக் கூட்டத்துக்கு முன்னால், உங்கள் ஊரில் வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் யார் யார் என்று தெருத் தெருவாக ஒரு பட்டியல் எடுங்கள். கணினிக்காரரை மட்டும் எழுதாதீர்கள். பீடி சுற்றுகிறவர், முந்திரி உடைக்கிறவர், துணி தைத்துக் கொடுக்கிறவர், எல்லோரும் ஒரே தாளில் வரட்டும். எத்தனை மணி நேரம், கூலி எப்படி, மின்செலவு யாருடையது என்று கேளுங்கள். ஊராட்சி, பேரூராட்சி நூலகக் கட்டடங்களில் மாலை வேளையில் பூட்டிக்கிடக்கும் அறைகள் எவை என்றும் குறித்துக்கொள்ளுங்கள். இணைய இணைப்போடு அவற்றைப் பொது வேலைக்கூடமாகத் திறக்கக் கேட்டு மனுக் கொடுக்கலாம். பட்டியலை மாவட்டக் குழுவுக்கு அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் கூப்பிட்டால், அவர்களில் பலர் வரக்கூடும்; அன்றைக்கு மட்டுமாவது மேலாளரின் அழைப்பு இராது.